குமாஸ்தாக்கள் தொடங்கிவைத்த கலை: சீன வனப்பெழுத்தின் முதல் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள்

கேள்வி இது: சீன வனப்பெழுத்து எப்போது தொடங்கியது? ஆமையோட்டில் கீறிய எழுத்திலிருந்து இன்றைய வடிவம் வரை அது எந்த வரிசையில் வளர்ந்தது? வெறுமனே எழுதுவது எந்தக் கட்டத்தில் கலை என்ற மதிப்பைப் பெற்றது?

பொதுவாகச் சொல்லப்படும் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆமையோடு, அடுத்து வெண்கலப் பாத்திரம், அடுத்து முத்திரை எழுத்து எனப்படும் ஜுவான்ஷு, அடுத்து குமாஸ்தா எழுத்தான லிஷு, அடுத்து கட்டம் கட்டினாற்போல் நிற்கும் செவ்வெழுத்தான காய்ஷு. அதைக் கொஞ்சம் வேகமாக எழுதியதில் நடையெழுத்து, இன்னும் வேகமாக எழுதியதில் விரைவெழுத்து. மனப்பாடம் செய்ய வசதியான வரிசைதான், ஆனால் உண்மை இப்படி ஓடவில்லை. விரைவெழுத்து செவ்வெழுத்துக்குக் குறைந்தது இருநூறு ஆண்டுகள் மூத்தது. முத்திரை எழுத்து அரசாணையால் நிலைநாட்டப்பட்ட அன்றே குமாஸ்தா எழுத்து கிராமத்து அலுவலகங்களில் புழங்கிக்கொண்டிருந்தது. வரிசை குழம்பியதற்குக் காரணம் ஒன்றுதான். கல்லும் வெண்கலமும் நமக்குத் தப்பிப் பிழைத்தன. அன்றாடம் எழுதிய மூங்கிலும் மரமும் மக்கிப்போயின. கடந்த நூறு ஆண்டுகளில் கல்லறைகளிலும் கிணறுகளிலும் பாலைவனக் காவல் கோபுரங்களிலும் அந்த மூங்கில்கள் கிடைத்த பிறகுதான் கதை நேரானது.

தொடக்கத்தை எல்லோரும் ஆன்யாங்கில் வைப்பார்கள். இன்றைய ஹெனான் மாநிலத்தில் இருக்கும் அந்த ஊர் ஷாங் அரசின் கடைசித் தலைநகர். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட வூ திங் மன்னரின் காலத்திலிருந்து அங்கே ஆமையின் அடியோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குறி கேட்டார்கள். பின்பக்கம் குழி குடைந்து அதில் சூடு வைத்தால் முன்பக்கம் விரிசல் விடும். விரிசலைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். மழை வருமா, அரசிக்குப் பிரசவம் நல்லபடி முடியுமா, மன்னரின் பல்வலிக்கு எந்த மூதாதையின் கோபம் காரணம் என்று கேட்ட கேள்விகளை விரிசலுக்குப் பக்கத்திலேயே கீறிவைத்தார்கள். மருந்துச் சரக்காகப் பொடித்து விற்கப்பட்டுவந்த இந்த எலும்புகளில் இருப்பது பழைய எழுத்து என்று 1899-இல் அடையாளம் கண்டவர் வாங் யீரோங் என்ற அறிஞர். 1928-இல் முறையான அகழாய்வு தொடங்கியது. ஏறத்தாழ 4,500 வெவ்வேறு எழுத்துகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்னும் படிக்கப்படவில்லை.

இதை வைத்து, சீனர்கள் முதலில் கத்தியால் கீறினார்கள், பிறகுதான் தூரிகைக்கு வந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆன்யாங்கிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. சில எலும்புகளில் கீறப்படாமல் மையால் மட்டும் எழுதப்பட்ட வரிகள் இருக்கின்றன. மட்பாண்டத் துண்டு ஒன்றில் தூரிகையால் எழுதிய எழுத்து தெளிவாக நிற்கிறது. தூரிகையைக் குறிக்கும் ஷாங் கால எழுத்தே ஒரு கை தூரிகையைப் பிடித்திருக்கும் படம்தான். ஏட்டைக் குறிக்கும் எழுத்தில் கயிற்றால் கோத்த பட்டைகள் தெரிகின்றன. ஆகவே அன்றாட எழுத்து அப்போதே தூரிகையில்தான் நடந்திருக்கிறது. எலும்பில் இருப்பது சடங்குக்கான எழுத்து. கடினமான எலும்பில் வளைவு கீறுவது சிரமம் என்பதால் அது கோணல் கோணலாக, முள்போல் இருக்கிறது. அதையே அந்தக் காலத்தின் முழுக் கையெழுத்தாக எடுத்துக்கொள்வது சரியல்ல.

அடுத்து வந்த ஜோவ் அரசர்களின் வெண்கலப் பாத்திரங்களை விரைவாகக் கடந்துவிடலாம். தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் மாவ் கோங் முக்காலிப் பாத்திரத்தில் ஏறத்தாழ 500 எழுத்துகள் இருக்கின்றன. வெண்கலம் வார்ப்பதற்கு முன் எழுத்து களிமண் அச்சில் உருவானதால் தூரிகைக் கோட்டின் திரட்சி அதில் ஓரளவு தங்கியிருக்கிறது. அழகானவைதான். ஆனால் அவற்றை மூதாதையருக்குப் படைக்கும் பாத்திரத்தின் அழகோடு சேர்த்துத்தான் அந்தக் காலத்தார் பார்த்திருப்பார்கள். எழுதியவர் யார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது கி.மு. 221. சின் நாட்டு மன்னர் மற்ற நாடுகளையெல்லாம் வென்று முதல் பேரரசர் ஆகிறார். நாட்டுக்கு நாடு எழுத்து வேறுபட்டிருந்த நிலையை மாற்ற, அமைச்சர் லி ஸி சிறு முத்திரை எழுத்தை நிலைநிறுத்துகிறார். பேரரசர் மலை மலையாக ஏறித் தம் புகழைக் கல்லில் பொறிக்கிறார். தாய் மலையில் நாட்டிய கல்லின் துண்டுகளில் இன்று மிஞ்சியிருப்பவை பத்து எழுத்துகள். முத்திரை எழுத்தின் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். வளைவுகள் எல்லாம் ஒரே வேகத்தில் திரும்பும். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று சரிநிகர். எழுதுகிறவருடைய கை நடுங்கியதா, அவசரப்பட்டதா, சலித்ததா என்று எதுவுமே அதில் தெரியாது. பேரரசருக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அதே ஆண்டுகளில் ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹூதி பகுதியில் ஷி என்ற கீழ்நிலை அதிகாரி வாழ்ந்தார். கி.மு. 217-இல் இறந்தார். 1975-இல் அவருடைய கல்லறையைத் திறந்தபோது, சவப்பெட்டிக்குள் உடலைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள் இருந்தன. சட்ட விதிகள், வழக்கு விசாரணைக் குறிப்புகள், நல்ல நாள் பார்க்கும் ஏடு. மன்னர் மலையுச்சியில் முத்திரை எழுத்தில் புகழ் பொறித்த காலத்தில், அவருடைய சட்டங்களை நடைமுறைப்படுத்திய அலுவலகத்தில் எழுதப்பட்டது முத்திரை எழுத்து அல்ல. ஏறக்குறைய முழுமையாகவே குமாஸ்தா எழுத்துக்கு வந்துவிட்ட ஒன்று. சிச்சுவானின் சிங்சுவானில் கிடைத்த மரப்பலகை இன்னும் பழையது. வயல் வரப்புகளின் அளவு பற்றிய கி.மு. 309ஆம் ஆண்டு ஆணை அது. பேரரசுக்கு 88 ஆண்டுகள் முந்தியது. அதிலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. செங் மியாவ் என்பவர் சிறையில் பத்தாண்டுகள் உட்கார்ந்து குமாஸ்தா எழுத்தை உருவாக்கி, பேரரசரிடம் காட்டி விடுதலை பெற்றார் என்ற பழைய கதை இந்தப் பலகையின் முன் நிற்காது. கதை நன்றாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

என்னதான் மாறியது என்பதை ஓர் எழுத்துறுப்பில் பார்த்தால் புரியும். நீரோடு தொடர்புள்ள சொற்களின் இடப்பக்கத்தில் நீர்க்குறி வரும். முத்திரை எழுத்தில் அது மேலிருந்து கீழாக நெளிந்தோடும் ஒரு நீண்ட கோடும் அதன் இருபுறமும் துண்டு துண்டான நெளிவுகளும் கொண்ட முழு ஓவியம். ஆறு, ஏரி, கழுவுதல், ஆழம் என்று எந்தச் சொல் வந்தாலும் இத்தனையையும் வரைய வேண்டும். சின் காலத்துக் குமாஸ்தா அதை மூன்று சிறு கோடுகளாக்கிவிட்டார். தூரிகையை மூன்று முறை தொட்டு எடுத்தால் நீர் முடிந்தது. இன்றும் சீனக் குழந்தைகள் எழுதுவது அந்த மூன்று துளிகளைத்தான். இதே வேலை நூற்றுக்கணக்கான உறுப்புகளில் நடந்தது. வட்டமான வளைவு, தூரிகையை எடுத்து வைக்கும் இரண்டு நேர்கோடுகளாக உடைந்தது. ஓவியச் சாயல் போனது. அதற்குப் பதிலாகக் கோடு என்ற தனி அலகு பிறந்தது: தொடங்குமிடம், அழுத்தம், விடுமிடம் எல்லாம் கொண்ட ஒன்று. பிற்கால வனப்பெழுத்து முழுவதும் இந்த அலகின் மேல்தான் நிற்கிறது.

எழுதுபொருளையும் இங்கே சொல்லியாக வேண்டும். பட்டையின் அகலம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள். சின் பேரரசுக்கு அடுத்து வந்த ஹான் காலத்தில் வழக்கமான நீளம் 23 சென்டிமீட்டர் அளவு. ஒரு பட்டைக்கு ஒரு வரி, மேலிருந்து கீழாக. தூரிகை அதற்கேற்ற மெல்லிய முனை கொண்டது. 1954-இல் சாங்ஷா நகருக்கு அருகே ஒரு கல்லறையில் கிடைத்த தூரிகையில் முயல் முடியை மூங்கில் குச்சியின் வெளிப்புறமாகச் சுற்றிப் பட்டு நூலால் கட்டி அரக்குப் பூசியிருந்தார்கள். பேரரசின் தளபதி மெங் தியான்தான் தூரிகையைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லிவந்தன. இந்தத் தூரிகை அவருக்கு மூத்தது. தூரிகையின் சிறப்பு அதன் நெகிழ்ச்சி. அழுத்தினால் கோடு பருக்கும், தூக்கினால் மெலியும், திருப்பினால் முனை சாயும். எழுதியதை அழித்துத் திருத்தினால் அதுவும் கண்ணில் படும். பட்டையில் பிழை நேர்ந்தால் சிறு கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி எழுதுவார்கள்; அந்தக் கத்தி குமாஸ்தாவின் இடுப்பிலேயே தொங்கும்.

பிழையைப் பற்றிய பயம் சாதாரணமானதல்ல. ஹான் பேரரசில் ஷி ஜியான் என்ற அதிகாரி மேலே அனுப்பிய மனு திரும்பி வந்ததும் படித்துப் பார்த்தார். குதிரையைக் குறிக்கும் எழுத்தில் கால்களும் வாலுமாக ஐந்து கோடுகள் வேண்டும். அவர் நான்குதான் போட்டிருந்தார். “செத்தேன்” என்று நடுங்கிப்போனார் என எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ஸிமா சியென். கி.பி. 100 வாக்கில் 9,353 எழுத்துகளுக்கு அகராதி தொகுத்த ஷு ஷென், எழுத்தர் வேலைக்குத் தேர்வு இருந்ததையும் எழுத்து சரியில்லாவிட்டால் மேலதிகாரிகள் நடவடிக்கை எடுத்ததையும் குறிப்பிடுகிறார். கையெழுத்து நன்றாக இருந்தால் பிழைப்பு உண்டு, இல்லையென்றால் வம்பு. கலைக்கு முந்தைய நிலை இதுதான்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் குமாஸ்தா எழுத்தே பட்டு உடுத்திக்கொண்டு கல்லில் ஏறியது. 153-இன் யி யிங் கல், 156-இன் லி சி கல், 185-இன் சாவ் சுவான் கல், 186-இன் ஜாங் சியென் கல் என்று வரிசையாக வந்தன. இவற்றின் அடையாளம் அந்த அலைக்கோடு. தூரிகையை முதலில் கோட்டின் எதிர்த்திசையில் வைத்து, முனையை மறைத்து, திரும்பி அழுத்த வேண்டும். இதற்குப் பட்டுப்புழுவின் தலை என்று பெயர். பிறகு மெலிதாக நகர்த்தி, முடிவில் அழுத்தத்தைக் கூட்டி, மேல்நோக்கி விசிறிவிட வேண்டும். இது காட்டுவாத்தின் வால். ஓர் எழுத்தில் ஒரு வாலுக்கு மேல் கூடாது என்பது விதி. இரண்டு போட்டால் எழுத்து பறக்கப் பார்க்கும். சாவ் சுவான் கல் மென்மை, ஜாங் சியென் கல் முரடு. என் ரசனை முரட்டுப் பக்கம். 175-இல் தொடங்கி லுவோயாங்கில் செவ்வியல் நூல்களைக் கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். அதைப் பார்த்துப் படியெடுக்க ஒரு நாளைக்கு ஆயிரம் வண்டிகள் வந்தன என்கிறது பிற்கால ஹான் வரலாறு.

ஆனால் அந்த நேரத்தில் உயிருள்ள மாற்றம் வேறு பக்கம் நடந்துகொண்டிருந்தது. வடமேற்குப் பாலைவன எல்லையில் ஜூயான் காவல் அரண்களில் 1930-இல் சீன–சுவீடன் ஆய்வுக்குழு ஏறத்தாழ 10,000 பட்டைகளைக் கண்டெடுத்தது. தானியப் படி எவ்வளவு, எந்தக் கோபுரத்தில் எப்போது தீ மூட்டிச் சைகை காட்டினார்கள், எந்தப் போர்வீரன் துணிக்காக யாருக்குக் கடன்பட்டான் என்ற கணக்குகள். அவற்றில் பல வரிகள், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் சில விடுபட்டும் ஓடுகின்றன. விரைவெழுத்து இதுதான். அழகுக்காக யாரும் அதை எழுதவில்லை. இருட்டுவதற்குள் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது.

அந்த அவசர எழுத்து அடுத்த சில தலைமுறைகளில் எப்படி மாறியது என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம். துன்ஹுவாங் பகுதியைச் சேர்ந்த ஜாங் ஜீ 190-களில் இறந்தவர். பிற்காலம் அவரை விரைவெழுத்தின் மாமுனி என்று வணங்கியது. அவர் வீட்டில் துணியென்றால் முதலில் அதன்மேல் எழுதிப் பழகுவார், பிறகுதான் அது வெளுக்கப் போகும். குளத்தங்கரையில் பயிற்சி செய்து குளத்துத் தண்ணீரே கறுத்துவிட்டதாம். 3ஆம் நூற்றாண்டில் எழுதிய வேய் ஹெங் ஜாங் ஜீயின் ஒரு சொல்லையும் பதிவு செய்கிறார்: “அவசரமாக இருக்கிறேன், விரைவெழுத்தில் எழுத நேரமில்லை.” நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்த எழுத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டியதாகிவிட்டது. எழுதுவது கலையானது எப்போது என்று கேட்டால் நான் விரல் வைப்பது இந்த வாக்கியத்தின் மேல்தான்.

இதற்கு வலுவான சாட்சி ஒரு எதிரி. அதே காலத்தைச் சேர்ந்த ஜாவ் யி என்ற அதிகாரி விரைவெழுத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். ஊரில் இளைஞர்கள் பாடம் படிப்பதை விட்டுவிட்டு ஜாங் ஜீயின் எழுத்தைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்பது அவருடைய குறை. பத்து நாளைக்கு ஒரு தூரிகை தேய்கிறது, மாதத்துக்குப் பல மை உருண்டைகள் தீர்கின்றன, சட்டைக் கழுத்தும் கைமுனையும் கரி, உதடும் பல்லும் கறுப்பு. நாலு பேரோடு உட்கார்ந்திருந்தாலும் பேச்சில் மனமில்லை. விரலால் தரையில் எழுதுகிறார்கள், சுவரைக் கீறுகிறார்கள், தோல் உரிந்து நகம் ஒடிந்து ரத்தம் வந்தாலும் நிறுத்துவதில்லை. இவ்வளவும் எதற்கு? அதிகாரிகளைத் தரம் பிரிக்க இது உதவாது, அரசுத் தேர்வில் இது கிடையாது, வேலையில் தகுதியாகவும் இது எண்ணப்படாது என்று பட்டியலிடுகிறார். உலகில் வனப்பெழுத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய கட்டுரைகளில் ஒன்று அதைத் திட்டி எழுதியது. திட்டியவரே நமக்குத் தேவையான தகவலை முழுமையாகத் தந்துவிட்டார்: பயன் எதுவும் இல்லை என்று தெரிந்தும் நகம் ஒடிய எழுதும் ஒரு கூட்டம் 2ஆம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டது. கையெழுத்து ஒவ்வொருவருக்கும் உடலைப் போலவே வேறுபடும், இன்னொருவருடையதைப் பார்த்து அடைய முடியாது என்றும் அவர் வாதிட்டார். கலையை மறுக்க எடுத்த அந்த வாதத்தையே பின்னால் வந்தவர்கள் கலைக்கான காரணமாக்கிக்கொண்டார்கள்.

காகிதம் இதே காலத்தில் பரவியது. அரண்மனை அதிகாரி சாய் லுன் 105-இல் அரசவையில் முன்வைத்தது மேம்பட்ட தயாரிப்பு முறை. காகிதம் அதற்கு முன்பே இருந்தது. ஒரு விரல் அகலப் பட்டையிலிருந்து அகன்ற தாளுக்கு வந்ததும் தூரிகை பக்கவாட்டில் வீச இடம் கிடைத்தது. வரிகளுக்கு இடையிலான உறவு என்ற புதுப் பிரச்சினையும் வந்தது. அரசு ஆவணங்களில் பட்டைகள் முற்றிலும் ஓய்ந்தது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

செவ்வெழுத்து இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. குமாஸ்தா எழுத்தையும் அதன் ஓடும் வடிவங்களையும் எழுதி எழுதி, அலைவால் தேய்ந்து, கோட்டின் முடிவில் தூரிகையை நிறுத்தி அழுத்தும் பழக்கம் ஊன்றியது. சாங்ஷாவில் 1996-இல் ஒரு கிணற்றில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டு வூ அரசின் பட்டைகளில், பெயரில்லாத குமாஸ்தாக்கள் கையில் இது உருவாகிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பெருமையை வாங்கிக்கொண்டவர் வேய் அரசின் அமைச்சர் ஜோங் யாவ், 230-இல் இறந்தார். செவ்வெழுத்து அதன் பிறகு அடிப்படையில் மாறவில்லை. காலியில் கிடைத்து இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409ஆம் ஆண்டின் மும்மொழிக் கல்வெட்டில், தமிழுக்கும் பாரசீகத்துக்கும் துணையாக நிற்கும் சீன வரிகளும் இதே எழுத்துதான்.

பெயர் தெரிந்த ஒருவர் தம் கையாலேயே காகிதத்தில் எழுதி இன்றுவரை மிஞ்சியிருப்பதில் மிகப் பழையது லு ஜியின் பிங்ஃபு கடிதம். 303-இல் கொலைத்தண்டனைக்கு ஆளான கவிஞர் அவர். நோயுற்ற நண்பரைப் பற்றிய ஒன்பது வரிகள். முனை தேய்ந்த தூரிகையில் எழுதியவைபோல் வறண்ட, முரட்டுக் கோடுகள். சேகரிப்பாளர் ஜாங் போஜூ அதை வாங்கிக் காத்து 1956-இல் நாட்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வடக்கு வீழ்ந்து, உயர்குடிகள் யாங்சிக்குத் தெற்கே குடிபெயர்ந்த 4ஆம் நூற்றாண்டில், சீன வனப்பெழுத்தின் மிகப் புகழ்பெற்ற கலைஞரான வாங் ஷிஜீ வருகிறார். அவரைப் பற்றிய துதிகளைப் படித்துவிட்டு அவருடைய கடிதங்களின் பொருளைப் பார்த்தால் சிரிப்பு வரும். “ஆரஞ்சு முந்நூறு அனுப்பியிருக்கிறேன். உறைபனி இன்னும் விழவில்லை. அதிகம் கிடைக்கவில்லை.” சீனத்தில் பன்னிரண்டே எழுத்துகள். அவருடைய மகன் வாங் ஷியான்ஜீயின் பேர்பெற்ற துண்டு, வாத்துத்தலை மாத்திரை என்ற மருந்து உண்மையில் சரியில்லை, நாளை கூடும்போது பார்ப்போம் என்கிறது. பதினைந்து எழுத்துகள், ஷாங்ஹாய் அருங்காட்சியகத்தின் பொக்கிஷம். இந்தத் துண்டுச் சீட்டுகளைப் பெற்றவர்கள் ஆரஞ்சைத் தின்றுவிட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்தினார்கள். கல்லில் பொறித்த புகழுரைகளைவிட உயர்ந்த இடத்தை இவை பிடித்தன. காரணம், எழுதிய கணத்தில் அந்த ஆள் எப்படி இருந்தார் என்பது கோட்டில் தெரிகிறது என்ற நம்பிக்கை.

353-இல் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், இன்றைய ஷாவ்ஷிங் அருகே லான்டிங்கில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஓடைக்கரையில் உட்கார்ந்து, மிதந்துவரும் மதுக்கிண்ணம் தம் முன்னால் நின்றால் கவிதை சொல்வது, இல்லையென்றால் குடிப்பது என்று விளையாடினார்கள். அந்தக் கவிதைகளுக்கு வாங் ஷிஜீ எழுதிய முன்னுரை 28 வரிகள், 324 எழுத்துகள். அதில் ஒரே எழுத்து இருபது முறை போல வருகிறது. ஒவ்வொரு முறையும் வடிவம் வேறு. நான்காவது வரியில் இரண்டு எழுத்துகள் விட்டுப்போய்ப் பக்கத்தில் செருகப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் அடித்தல், மேலெழுதல். சீனாவின் மிகப் புகழ்பெற்ற கையெழுத்துத் தாள் ஒரு வரைவுப் பிரதி.

மூலம் இன்று இல்லை. தாங் பேரரசர் தாய்சோங் அதைத் தம்மோடு புதைக்கச் செய்தார் என்பது மரபு. அவர் 649-இல் இறந்தார். இருப்பவை அவருடைய அரசவையில் எடுத்த படிகள். ஒளி ஊடுருவும் தாளை மேலே வைத்து எழுத்தின் விளிம்பை மயிரிழைக் கோட்டால் வரைந்து உள்ளே மையிட்டு நிரப்பும் முறை அப்போது இருந்தது. ஃபெங் செங்ஸுவுடையது என்று சொல்லப்படும் படியில் தூரிகை முடி பிளந்த இடங்கள்கூடத் தெரியும். வாங் ஷிஜீயின் கையெழுத்து என்று உறுதியாகச் சொல்லத்தக்க தாள் ஒன்றுகூட உலகில் கிடையாது. நாம் புகழ்வதெல்லாம் படிகளைத்தான்.

1965-இல் இது பெரிய சர்ச்சையானது. நான்ஜிங்கில் வாங் ஷிஜீயின் உறவினர் வாங் ஷிங்ஜீயின் கல்லறைக் கல் கிடைத்தது, 341ஆம் ஆண்டினது. அதில் எழுத்து குமாஸ்தா பாணியில், கட்டையாக இருந்தது. அந்தக் காலத்தில் இப்படித்தான் எழுதினார்கள் என்றால் லான்டிங் முன்னுரை பிற்காலப் போலி என்று அறிஞர் குவோ மோருவோ எழுதினார். இன்னொரு அறிஞரான காவ் அர்ஷி மறுத்தார். நான் காவ் பக்கம். கல்லறைக் கல் பழைய பாணியைக் கட்டிக்காப்பது. கல்லில் வெட்டுகிறவர் உளியின் வசதிக்குச் சதுரமாக்குவார். அதே நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கு எல்லை அதிகாரி லி போ காகிதத்தில் எழுதிய கடித வரைவுகள் 1909-இல் லோப் பாலைவனத்தில் கிடைத்தன. அவற்றில் நடையெழுத்து இயல்பாக ஓடுகிறது. எல்லைப்புறத்திலேயே அப்படி என்றால், தெற்கின் தலைசிறந்த கை அதைவிட ஒரு படி மேலே இருந்திருப்பதில் வியப்பில்லை. முன்னுரையின் பிற்பகுதி வாசகம் குறித்த ஐயங்கள் வேறு. எழுத்து வடிவத்தை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது.

தாய்சோங் வாங் ஷிஜீயை ஒப்பற்றவர் என்று அறிவித்த பிறகு எல்லாரும் அவரைப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். அங்கிருந்து வருவது முன்னோரைப் பின்பற்றுவதா மீறுவதா என்ற வேறு கதை.

பார்த்துப் பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. நேரே லான்டிங்குக்குப் போகாதீர்கள். ஷுய்ஹூதிப் பட்டைகளின் படங்களை முதலில் பாருங்கள், அடுத்து ஜூயான், அடுத்து பிங்ஃபு. ஹான் கற்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, எந்தக் கோடு முதலில் வந்தது, தூரிகை எங்கே நின்றது, எங்கே தாளை விட்டது என்று விரலால் பின்தொடருங்கள். சீனம் படிக்கத் தெரியாவிட்டாலும் இதைச் செய்ய முடியும். கோடுகளின் வரிசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எந்தத் தொடக்கப் பாடநூலும் போதும்.